படுக்கையைக் காவல் காக்கும் கருவி



திரையில் வானளாவப் பறந்து 'சூப்பர்மேன்' என உலகச் சிறுவர்களால் கொண்டாடப்பட்ட அமெரிக்க நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் அவர்களை நம்முள் பலர் அறிவோம். 1995-ஆம் ஆண்டு மே திங்களில் குதிரையேற்றப் போட்டியொன்றில் அவர் குதிரையினின்று தலைகீழாக விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது, கைகால்கள் செயலிழந்தன. அதன் பின் ஒன்பது ஆண்டுகள் அவர் மனந்தளராது வாழ்ந்தார்; தம்மைப் போன்றோருக்காகப் பேசினார், நிதி திரட்டினார். 2004 அக்டோபர் 10-ஆம் நாள், தமது 52-ஆம் வயதில் இறந்தார். இறுதி நாட்களில் அவர் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தது கிருமி தொற்றிய ஒரு படுக்கைப் புண்ணுக்கு.

செல்வமும் செவிலியரும் சிறந்த மருத்துவரும் சூழ இருந்த ஒருவருக்கே இது நேர்ந்ததென்றால், ஓட்டு வீட்டின் முன்னறையில் கட்டிலோடு கிடக்கும் நம் பாட்டனுக்கும் பாட்டிக்கும் நேர்வதில் வியப்பென்ன? ஆயினும், "கிடையில் விழுந்தால் புண் வரத்தான் செய்யும்" என்று கையை விரித்துவிட வேண்டியதில்லை. பெரும்பாலான படுக்கைப் புண்கள் வராமல் தடுக்கக் கூடியவை. அதற்கு உதவியாக மேலைநாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில் இன்று படுக்கையிலும் நோயாளியின் உடலிலும் பொருத்தும் உணர்கருவிகள் வந்துள்ளன. இளைஞர்கள் சென்சார் என்கிறார்களே, அவைதாம். அவை என்ன செய்கின்றன, என்ன செய்யமாட்டா என்பதை இம்மாதம் நாம் சிறிது விரிவாகவே காண்போம்.

முதலில் புண் உண்டாகும் வகையை அறிந்துகொள்ள வேண்டும். படுத்திருக்கும் உடலின் எடை மெத்தை முழுவதிலும் சமமாகப் பரவுவதில்லை; சில எலும்பு முனைகளே அதில் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. மல்லாந்து படுத்தவருக்குப் பின்தலை, தோள்பட்டைகள், முழங்கைகள், முதுகெலும்பு முடியும் இடம், குதிகால்கள். ஒருக்களித்துப் படுத்தவருக்குக் காது, இடுப்பின் பக்கத்து எலும்பு, கணுக்கால். இவ்வெலும்புகளுக்கும் மெத்தைக்கும் இடையே தசையும் தோலும் நசுங்குகின்றன. அவற்றுக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்குழாய்கள் மயிரிழையினும் மெல்லியவை. 1930-ஆம் ஆண்டில் லாண்டிஸ் என்னும் ஆய்வாளர் விரல் நகத்தடியிலுள்ள அத்தகைய குழாய்களில் அழுத்தத்தை அளந்தார். இரத்தம் நுழையும் பக்கத்தில் அது சராசரி 32 மில்லிமீட்டர் பாதரச அளவே இருந்தது. மருத்துவர் நம் கையில் பட்டை சுற்றி அளந்து 120 என்று சொல்கிறாரே, அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இதற்கு மேற்பட்ட பாரம் நெடுநேரம் ஓரிடத்தில் அழுத்தினால் அங்கே குருதி ஓட்டம் நின்று, தசை பட்டினி கிடந்து மடியும். (இவ்வெண் எல்லா உடலுக்கும் பொருந்தும் கோடு அன்று, முதியவருக்கும் மெலிந்தவருக்கும் இன்னும் குறைந்த அழுத்தமே தீங்கு செய்யக் கூடும்.)

1959-இல் கோசியாக் என்ற மருத்துவர் நாய்களில் நடத்திய சோதனைகள் மற்றோர் உண்மையையும் காட்டின: மிகுந்த பாரம் சிறிது நேரத்தில் செய்யும் கேட்டைக் குறைந்த பாரம் நெடுநேரத்தில் செய்துவிடுகிறது. ஆகவே மெத்தை எவ்வளவு மென்மையானது என்பதோடு, எத்தனை நேரம் அசையாமல் கிடந்தார் என்பதும் கணக்கில் வருகிறது. உடல்நலமுள்ள நாம் உறக்கத்திலும் நம்மை அறியாமலே புரண்டுகொள்கிறோம். அழுந்திய இடம் வலிக்கத் தொடங்கியதும் உடல் தானாகவே இடம் மாறுகிறது. பக்கவாதம் கண்டவரும், தண்டுவடம் முறிந்தவரும், மயக்க மருந்தில் கிடப்பவரும், நினைவு மங்கிய முதியவரும் அந்தத் தற்காப்பை இழந்தவர்கள். அவர்களுக்காகப் புரளப் பிறர் வேண்டும்.

இந்த எளிய உண்மையை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. 1853-இலேயே பிரவுன்-செக்கார் என்னும் அறிஞர், தண்டுவடம் வெட்டப்பட்ட விலங்குகளை அழுத்தமும் அழுக்கும் படாமல் காத்தால் புண் வருவதில்லை என்று காட்டியிருந்தார். ஆனால் பின்னர் பாரிஸ் மாநகரின் புகழ்மிக்க நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, நரம்பு கெட்டதனாலேயே தோல் அழுகுகிறது, அதைத் தடுப்பார் இல்லை என்ற கருத்தை நிலைநாட்டினார். பெரியவர் சொல் அம்பலம் ஏறிற்று, நோயாளிகள் கைவிடப்பட்டனர். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரோ அதே நூற்றாண்டில், படுக்கைப் புண்ணுக்குப் பெரும்பாலும் நோய் காரணமன்று, பணிவிடையின் குறைவே காரணம் என்று தமது செவிலியர் நூலில் எழுதிவைத்தார். அம்மையாரின் கூற்று ஓரளவு கடுமையானதே. சாகும் தறுவாயில் உள்ளோர் சிலருக்கு எவ்வளவு காத்தாலும் புண் வருவதுண்டு.

ஷார்கோவின் கருத்தை நடைமுறையில் உடைத்தவர் லுட்விக் குட்மன். யூதராகப் பிறந்து, ஜெர்மனியில் நாத்சிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்து புகுந்த நரம்பியல் மருத்துவர் அவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரின் மருத்துவமனையில், போரில் தண்டுவடம் முறிந்த வீரருக்கான பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கப்பட்டது. அந்நாளில் அத்தகைய வீரர்களிற் பலர் சில திங்களுக்குள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மடிவது வழக்கமாயிருந்தது. குட்மன் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அக்கட்டளை நிறைவேறுகிறதா என்று பார்க்க நள்ளிரவிலும் தாமே வந்து நிற்பாராம். பிழைத்து எழுந்த வீரர்களுக்காக 1948-இல் அவர் தொடங்கிய விளையாட்டுப் போட்டியே, இன்று பாராலிம்பிக்ஸ் எனப்படும் மாற்றுத்திறனாளிகளின் உலகப் போட்டியாக வளர்ந்திருக்கிறது.

இரண்டு மணிக்கு ஒருமுறை என்ற விதி அன்று முதல் உலகெங்கும் செவிலியர் பள்ளிகளில் ஓதப்பட்டு வருகிறது. ஓதுவது எளிது. ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் பன்னிரண்டு முறை. பத்து நோயாளிகள் என்றால் நூற்றிருபது முறை. இடையில் ஒருவருக்கு மூச்சுத் திணறும், மற்றொருவருக்கு வாந்தி, மூன்றாமவரின் உறவினர் வாயிலில் நின்று அழுவர். புரட்டும் வேளை நழுவிப்போகும். எவருடைய வேளை நழுவியது என்பதும் எவருக்கும் தெரியாது. குட்மன் போல் நள்ளிரவில் வந்து நிற்பவர் எத்தனை பேர்?

அவ்வாறு நிற்கும் வேலையைத்தான் இன்றைய உணர்கருவிகள் ஏற்கின்றன. அவற்றில் ஒருவகை, மெத்தையின் மேல் விரிப்புக்குக் கீழே போடும் மெல்லிய உறை. அதனுள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ சிறு உணர்புள்ளிகள் கட்டம் கட்டமாக அமைந்திருக்கும். பாரம் விழும் புள்ளியில் மின்தன்மை மாறும். அம்மாற்றத்தைக் கணிப்பொறி படமாக்கிக் கட்டிலருகே திரையில் காட்டும். பாரம் குறைந்த இடம் நீலம், மிகுந்த இடம் சிவப்பு. செவிலியர் நோயாளியின் இடுப்புக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகியதும் சிவப்பு மறைந்து நீலம் பரவுவதைக் கண்ணெதிரே காணலாம். சில வேளை நான்கு விரற்கடை நகர்த்தினாலே போதும் என்பதும், நன்றாகப் படுக்கவைத்துவிட்டோம் என்று எண்ணிய நிலையிலும் குதிகால் சிவந்தே நிற்கிறது என்பதும் அப்படத்தால் விளங்கும். இன்னொரு வகை மெத்தைக்குக் கீழே கிடந்து, நோயாளி தானே அசைகிறாரா இல்லையா என்பதை மட்டும் கவனிக்கும். நெடுநேரம் அசைவில்லையேல் அறிவிக்கும்.

மூன்றாவது வகை கட்டிலில் இல்லை, நோயாளியின் மார்பில் ஒட்டப்படுகிறது. உடல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, வலப்பக்கமா, மல்லாந்திருக்கிறதா, எவ்வளவு நேரமாக என்பதைப் புவியீர்ப்பின் திசையைக் கொண்டே அது அறிந்து, செவிலியர் அறையிலுள்ள திரைக்குச் செய்தி அனுப்புகிறது. இக்கருவியை வைத்துக் கலிபோர்னியாவிலுள்ள பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில், இரண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஆய்வொன்று 2018-இல் வெளியாயிற்று. அதைப் பற்றிச் சற்று நின்று சிந்திப்பது தகும்.

ஆய்வில் 1,300-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இடம் பெற்றனர். எல்லாருடைய மார்பிலும் அதே கருவி ஒட்டப்பட்டது. பின்னர் சீட்டுக் குலுக்கியது போல அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் கணக்குத் திரையில் செவிலியருக்குத் தெரிந்தது. மறு பிரிவினருக்கும் கருவி கணக்கெடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது செவிலியர் கண்ணுக்கு மறைக்கப்பட்டிருந்தது. கணக்குத் தெரிந்த பிரிவில் புண் கண்டவர் 5 பேர். மறைக்கப்பட்ட பிரிவில் 15 பேர். எண்ணிக்கை சிறிதுதான், ஓர் ஆய்வைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. ஆயினும் இரு பிரிவுக்கும் கருவி ஒன்றே, மருத்துவமனை ஒன்றே, செவிலியரும் அவர்களே. வேறுபாடு ஒன்றுதான்: தவறிய வேளை கண்ணுக்குத் தெரிந்தது, அல்லது தெரியவில்லை.

அதே ஆய்வின் மற்றோர் எண் நமக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. உரிய வேளையில் புரட்டும் முறைமை, கணக்கு மறைந்திருந்த பிரிவில் 54 விழுக்காடு நேரமே காக்கப்பட்டது. தெரிந்த பிரிவில் 67 விழுக்காடு. தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால், ஒரு செவிலியருக்கு ஓரிரு நோயாளிகளே பொறுப்பாக இருக்கும் இடம். அங்கேயும், திரை கண்ணெதிரே நின்று நினைவூட்டியும், மூன்றில் ஒரு பங்கு நேரம் வேளை தவறியே போயிற்று. வீட்டில் தன்னந்தனியாக மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளை நோக்கி, "நீ சரியாகக் கவனித்திருந்தால் புண் வந்திருக்குமா?" என்று கேட்கும் உறவினர்கள் இவ்வெண்ணை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

கருவிகளுக்கு எல்லையும் உண்டு. மார்பில் ஒட்டிய கருவிக்கு உடல் சாய்ந்த கோணம் தெரியும். குதிகால் மரக்கட்டிலின் விளிம்பில் அழுந்திக் கிடப்பது தெரியாது. உறையில் பதித்த புள்ளிகள் தோலின் மேலுள்ள பாரத்தை அளக்கும். உள்ளே எலும்பை ஒட்டிய தசையில் அழுத்தம் இன்னும் மிகுதி என்பதை அளக்கமாட்டா. விரிப்பு நனைந்திருக்கிறது, நோயாளி மூன்று நாளாகக் கஞ்சி தவிர வேறொன்றும் உண்ணவில்லை என்பனவும் அவற்றுக்குத் தெரியா. ஈரமும், உராய்வும், ஊட்டக் குறைவும் புண்ணுக்குப் பாதி வழி திறந்துவிடுகின்றன. மணியடித்துக்கொண்டே இருக்கும் கருவிக்குக் காது பழகிப்போய், ஒருவரும் திரும்பிப் பார்க்காத நிலையும் மருத்துவமனைகளில் உண்டு.

வளைகுடா நாட்டில் பணியாற்றும் மகன், இத்தகைய உறை ஒன்றை வாங்கி அனுப்பவா என்று கேட்கிறான், வாங்கலாமா என்று இவ்விதழைப் படிக்கும் தாய் ஒருவர் நம்மை வினவியிருந்தார். அவருடைய கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். நமது கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். அப்பணத்தில் முதலில் நல்ல அடர்த்தியான நுரை மெத்தையோ, மருத்துவர் பரிந்துரைத்தால் மாறி மாறிக் காற்று நிரம்பும் மெத்தையோ வாங்கட்டும். இளகிப்போன இலவம்பஞ்சு மெத்தையும், நடுவில் பள்ளம் விழுந்த தேங்காய் நார் மெத்தையும் போதமாட்டா. அடுத்து, இரவில் துணைக்கு வர ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கட்டும். உணர்கருவி அதற்குப் பின்னர்தான். புரட்டுவதற்குக் கை இல்லாத வீட்டில் எச்சரிக்கை மணி மட்டும் எதற்கு?

நல்ல மெத்தையின் பயனைக் காட்டும் ஆய்வும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 27 முதியோர் இல்லங்களில் 942 பேரை வைத்து நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு அது. எல்லாரும் அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தனர். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டப்பட்டோர், மூன்று மணிக்கு ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை என்ற மூன்று பிரிவினரிடையே, புண் உண்டானதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதைப் படித்துவிட்டு நாமே நான்கு மணி என்று முடிவு செய்துகொள்ளலாகாது. அங்கே பயிற்சி பெற்றோர் தோலை நாள்தோறும் சோதித்துவந்தனர். ஆனால் மருத்துவரிடமோ செவிலியரிடமோ, "இந்த மெத்தையில், இவருடைய உடல்நிலையில், இரவில் எத்தனை மணிக்கு ஒருமுறை போதும்?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் உள்ள வேறுபாடு, பணிவிடை செய்பவருடைய உறக்கத்தின் வேறுபாடு. மாதக்கணக்கில் உறங்காதவர் ஒருநாள் தாமே படுக்கையில் விழுவார்.

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நன்மை கொண்டு செல்லும் நாம் பல வீடுகளைக் காண்கிறோம். நாம் நுழையுமுன் ஊதுபத்தி ஏற்றியிருப்பார்கள். வெள்ளை விரிப்பைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருப்பார்கள். ஊதுபத்தியின் மணத்தை மீறி வரும் வாடையால், போர்வைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். "புண் ஏதும் உண்டா?" என்று கேட்டால் வீட்டார் தலைகுனிவர். சில வீடுகளில் நோயாளியே, "அதெல்லாம் ஒன்றுமில்லை, சாமி" என்று முந்திக்கொள்வார். மகளை எழுப்ப மனமின்றி இரவெல்லாம் வலியைப் பொறுத்துக் கிடந்தவர் அவர். வெட்கத்தால் மறைக்கப்படும் புண் ஆழ்ந்துகொண்டே போகிறது.

ஆகவே வீட்டிலும் நாம் ஒரு திரையை அமைத்துக்கொள்வோம். நாட்காட்டியின் பின்புறத்தைச் சுவரில் ஒட்டி, மணிகளைக் கோடிட்டு எழுதி, ஒவ்வொரு முறையும் இடம், வலம், மல்லாந்து என்று குறித்து வைத்தால் போதும். கைப்பேசியில் மணி அடிக்கவைப்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் ஒன்று. அத்தாளில் எல்லா வரிசையிலும் ஒரே கையெழுத்து இருக்குமானால், அது மருமகளைக் குற்றம் பிடிக்கும் பதிவேடாக மாறிவிடும். இரவு பத்து மணி மகனுக்கு, விடியல் ஐந்து மணி பேரனுக்கு என்று பெயர் பிரித்து எழுதப்பட வேண்டும். தாய் தந்தையரை மதிப்பது பெண்களுக்கு மட்டும் தரப்பட்ட கற்பனை அன்று.

புரட்டும் முறை பற்றியும் சில சொற்கள். முழுவதும் ஒருக்களித்து இடுப்பெலும்பின் மேல் படுக்கவைப்பதைக் காட்டிலும், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சிறிதே சாய்வாகக் கிடத்துவது நல்லது. நோயாளியை விரிப்பின் மேல் இழுக்கலாகாது. இழுத்தால் தோல் ஒருபுறமும் உள்தசை ஒருபுறமுமாகப் பிரிபடும். குறுக்கே ஒரு துணியை விரித்து, இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்கியே நகர்த்த வேண்டும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் வேண்டா. அது ஓட்டையைச் சுற்றிலும் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சிவந்த இடத்தைச் சாராயம் தொட்டுத் தேய்க்கும் பழைய வழக்கமும் வேண்டா. தினமும் குளிப்பாட்டும்போது நல்ல வெளிச்சத்தில் எலும்பு முனைகளைப் பார்த்து, நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்துங்கள். சிவப்பு வெளுத்துத் திரும்பினால் ஆறுதல். வெளுக்காமல் நின்றால் அது புண்ணின் தொடக்கம். நம்மவரின் கருமேனியில் சிவப்புத் தெரியாமற் போகலாம். சுற்றுப்புறத்தை விடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். தோல் உரிந்துவிட்டால் பவுடரையும் மஞ்சளையும் கொட்டி மூடாமல் செவிலியரிடம் காட்டுங்கள்.

தூக்கிப் புரட்ட இருவர் வேண்டும் என்றோம். பல வீடுகளில் பகற்பொழுதில் இருப்பவர் ஒருவரே. வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் நோயாளரைச் சந்திக்கச் செல்கிறீர்கள். பழமும் ரொட்டியும் கொண்டு செல்கிறீர்கள். செபமாலை சொல்லித் திரும்புகிறீர்கள். அடுத்த முறை, வீட்டுக்காரரிடம் அடுத்துப் புரட்டும் வேளை எப்போது என்று முன்னதாகவே கேட்டு, அந்த வேளைக்குப் போய்ச் சேருங்கள். துணியின் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள். பின்னர் சுவரிலுள்ள தாளில் உங்கள் பெயரையும் எழுதிவிட்டு வாருங்கள்.